மெல்லிய லேப்டாப்: கடையிலேயே முடிந்துவிடும் கணக்கு

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து, ஏழெட்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பை மாற்றிவிடலாமா என்ற பேச்சு நிறைய வீடுகளில் நடக்கிறது. மாற்றுவது என்று முடிவானதும் பலரும் கேட்பது ஒன்றுதான்: இந்தத் தடவை தோளை இழுக்காத, மெல்லிசான ஒன்று வேண்டும்.

நியாயமான ஆசை. ஆனால் மெல்லிய லேப்டாப்பை வாங்கும் விதம் வேறு. பழைய தடிமனான பெட்டியில் ராம் எனும் வேலை நினைவகம் போதவில்லை என்றால் இரண்டு வருடம் கழித்து இன்னொன்றை வாங்கி மாட்டிக்கொள்ளலாம். பேட்டரி ஓய்ந்தால் சென்னை ரிச்சி தெருவில் ஒன்று வாங்கிச் சொருகிக்கொள்ளலாம். மெல்லியதில் அந்த வழிகள் பெரும்பாலும் அடைபட்டிருக்கும். எவ்வளவு ராம், எந்த சிப், எத்தனை போர்ட் என்று கடையில் நின்று சொல்வதோடு முடிந்தது. ஆகவே எது வேகமானது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எதை விட்டுக்கொடுத்தால் நமக்கு வலிக்காது என்பதுதான் முதல் கேள்வி.

இது நேற்று வந்த வழக்கமும் இல்லை. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறைக்குள்ளிருந்து முதல் மேக்புக் ஏரை உருவிக் காட்டினார். 1.36 கிலோ, விலை 1,799 டாலர். கைதட்டல் ஓய்ந்து வாங்கிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது: ஒரே ஒரு யூஎஸ்பி துளை, போர்டோடு பற்றவைத்த 2 ஜிபி ராம், நாமாகக் கழற்ற முடியாத பேட்டரி, மெதுவாகச் சுழலும் 80 ஜிபி வட்டு. வட்டு போய், சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பு வந்துவிட்டது. மற்றவை கொஞ்சம் தேறிய நிலையில் இன்றும் தொடர்கின்றன.

அப்புறம் 2011-ல் இன்டெல் 'அல்ட்ராபுக்' என்று ஒரு பெயர் வைத்து, 14 அங்குலத்துக்குக் குறைந்த திரை என்றால் 18 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் கூடாது என்று விதி போட்டது. அன்றைக்கு அது பெரிய சாதனை. இன்று ஷோரூமில் 'சாதாரண 14 அங்குலம்' என்று ஓரமாக வைத்திருப்பவற்றின் தடிமன் ஏறக்குறைய அதுதான். இந்த ஓரத்து மேசைக்குப் பிறகு வருகிறேன், ஏனென்றால் பாதிப் பேருக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

சூடு எங்கே போகும்?

சிப் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். ஃபேன் இல்லாத மெல்லிய உடம்பு தொடர்ந்து வெளியேற்றக்கூடியது சுமார் பத்து வாட். சின்ன ஃபேன் ஒன்று இருந்தால் பதினைந்து, இருபது வாட்டைச் சமாளிக்கும். தடிமனும் செம்புக் குழாய்களும் கூடக்கூட இந்த அளவு ஏறும். ஒரே சிப் இரண்டு லேப்டாப்புகளில் இரண்டு விதமாக ஓடுவதற்குக் காரணம் இதுதான். ஏஎம்டியின் ரைசன் ஏஐ 9 எச்எக்ஸ் 370-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதை 15 வாட்டிலும் ஓட்டலாம், 54 வாட்டிலும் ஓட்டலாம். எதில் ஓட்டுவது என்று முடிவு செய்வது லேப்டாப் தயாரிப்பவர். பெட்டியின் மேல் சிப்பின் பெயர் இருக்கும், வாட் கணக்கு இருக்காது.

இது எப்போது நம்மைப் பாதிக்கும்? ஒரு வலைப்பக்கத்தைத் திறப்பது, எக்செல் கோப்பைத் திறப்பது எல்லாம் ஓரிரு வினாடி வேலை. சிப் ஒரு மூச்சு வேகமெடுத்து முடித்துவிட்டு ஓய்ந்துவிடும். சூடு சேர நேரமே இல்லை. இந்த மாதிரி வேலைக்கு மெல்லியது, தடித்தது என்ற பேதமே தெரியாது. அரைமணி நேர வீடியோவை எக்ஸ்போர்ட் செய்வது, பெரிய புரோகிராமை கம்பைல் செய்வது, விளையாட்டு என்று போனால் சில நிமிடங்களிலேயே வேகம் இறங்கத் தொடங்கும். பழுது ஏதும் இல்லை, தன்னைக் காத்துக்கொள்ள சிப் செய்வது அது.

நம் ஊர் வெயிலுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. மேக்புக் ஏர் இயங்குவதற்கு ஆப்பிள் குறித்திருக்கும் சுற்றுப்புற வெப்பம் 10 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை. மே மாதத்து வேலூரிலோ திருச்சியிலோ ஏசி இல்லாத மாடி அறையில் 35 டிகிரி என்பது காலைக் கணக்கு. அதனால் லேப்டாப் கெட்டுவிடும் என்றில்லை. வேகம் இறங்குவது சீக்கிரமே நடக்கும், தொடையில் வைத்து வேலை செய்ய முடியாது. ஃபேன் உள்ளவை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனால் சத்தம் போடும், தெருப்புழுதியையும் உள்ளே இழுக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்யவில்லை என்றால் ஃபேன் இருந்தும் பயன் குறைவு. ஃபேன் இல்லாததற்கு அந்தத் தொல்லையே கிடையாது.

மேக்புக் ஏர்

2020 நவம்பரில் எம்1 சிப்போடு வந்த ஏரில் ஃபேனை எடுத்துவிட்டார்கள். மெல்லிய லேப்டாப் என்றால் மந்தமாகத்தான் இருக்கும் என்ற பேச்சு அதோடு நின்றது. 2025 மார்ச்சில் வந்த எம்4 ஏர் 1.24 கிலோ, 11.3 மில்லிமீட்டர் தடிமன், 53.8 வாட்-அவர் கொள்ளளவுள்ள பேட்டரி. இந்தியாவில் 16 ஜிபி ராம், 256 ஜிபி சேமிப்போடு 99,900 ரூபாய்க்கு வந்தது. சிப்பின் எண் வருடா வருடம் ஏறலாம். ஃபேன் இல்லாத உடம்பின் குணம் அதோடு மாறாது.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்றுண்டு. சார்ஜரில் இருந்தாலும் பேட்டரியில் இருந்தாலும் ஒரே வேகம். பல விண்டோஸ் லேப்டாப்புகள் வயரைப் பிடுங்கியதும் தளர்ந்துவிடும். கடைக்காரர் காட்டும்போது அது எப்போதும் வயரில்தான் இருக்கும். தமிழ் தட்டச்சுக்கும் எதையும் நிறுவ வேண்டாம், அஞ்சல், தமிழ்99 என்ற விசைப்பலகை முறைகள் கூடவே வருகின்றன.

பிடிக்காதது சேமிப்பு. இதில் எஸ்எஸ்டியையும் பிறகு மாற்ற முடியாது. எம்4 ஏரில் 256-ஐ 512 ஆக்கக் கேட்ட தொகை 20,000 ரூபாய். அந்தப் பணத்தை யோசித்துவிட்டு 256-லேயே நின்று, வெளி எஸ்எஸ்டி ஒன்றைக் கூடவே தூக்கித் திரிபவர்கள் நிறைய. கோப்புகள் பெரும்பாலும் கிளவுடில் இருப்பவருக்கு அது போதும். குடும்பப் படங்களையும் வீடியோக்களையும் லேப்டாப்பிலேயே வைத்துப் பழகியவருக்குப் போதவே போதாது.

மேக் கூடாது என்று நான் நேராகச் சொல்லிவிடும் ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். கணக்கு எழுதும் டேலி பிரைம் விண்டோஸுக்கானது. அதை வைத்துத்தான் பிழைப்பு என்றால் ஏரின் அழகைப் பார்த்து மயங்க வேண்டாம். மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளைக்கு சாலிட்வொர்க்ஸ் என்ற வடிவமைப்பு மென்பொருள் தேவைப்படும், அதுவும் விண்டோஸில்தான் ஓடும். மேக்கில் விண்டோஸை ஏற்றி ஓட்ட வழி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அங்கே ஓடுவது ஆர்ம் வகை விண்டோஸ், அதாவது இன்டெல் சிப்புக்கு அல்லாமல் ஃபோன்களில் இருக்கும் வகைச் சிப்புக்கென எழுதியது. அதன் வம்பு என்ன என்பது ஸ்னாப்டிராகனைப் பற்றிச் சொல்லும்போது வரும்.

இன்டெல், அதுவும் வி-யில் முடிவது

இன்டெல் என்றாலே சூடு, சத்தம், நாலு மணி நேர பேட்டரி என்று பேர் வாங்கியிருந்தது. 2024 செப்டம்பரில் வந்த லூனார் லேக் என்ற சிப் தலைமுறை அந்தப் பேரை மாற்றியது. கடையில் அது கோர் அல்ட்ரா 200வி வரிசை. ராமை சிப்போடு ஒரே பொட்டலத்தில் வைத்துவிட்டார்கள். அதனால் மின்செலவு குறைந்தது, கூடவே பிறகு ராம் சேர்க்கும் பேச்சும் முடிந்தது. 16 ஜிபி அல்லது 32 ஜிபி, அவ்வளவுதான். சிப்பின் எண்ணிலேயே அது தெரியும்: 256வி என்றால் 16 ஜிபி, 258வி என்றால் 32.

எழுத்தைக் கவனிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோர் அல்ட்ரா 7 255யூ, 255எச், 258வி மூன்றும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து இருக்கும், மூன்றிலும் 'அல்ட்ரா 7' ஒட்டியிருக்கும். ஆனால் மூன்றும் மூன்று விதம். எச் கனமான வேலைக்கு, கூடவே சூடும் அதிகம். யூ குறைந்த மின்சாரத்தில் ஓடும், ஆனால் உள்ளே இருப்பது முந்தைய தலைமுறையின் வடிவமைப்பு. மெல்லிய உடம்புக்கென்றே செய்தது வி. ஏஎம்டி பக்கமும் இதே கதைதான். ரைசன் 7 7730யூ என்ற பெயரைக் கேட்டால் புதுசுபோல இருக்கும். நான்கு இலக்கத்தில் மூன்றாவதைப் பாருங்கள், 3 என்றால் ஜென் 3, அதாவது 2020-ல் வந்த வடிவமைப்பு. மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம், புதியதின் விலை கொடுத்து வாங்கக் கூடாது.

லூனார் லேக்கின் குறை என்று பார்த்தால், சிப்புக்குள் கணக்குப் போடும் கோர்கள் எட்டுதான், ஒரே கோர் இரண்டு வேலையைச் சேர்த்து இழுக்கும் ஹைப்பர்திரெடிங் கிடையாது. எல்லாக் கோர்களும் சேர்ந்து நெடுநேரம் இழுக்க வேண்டிய வேலையில் எச் வகை முந்திவிடும். ஆனால் பத்து டேப், ஒரு வீடியோ கால், பின்னால் டேலி என்கிற சராசரி நாளில் அந்த வேறுபாடு கண்ணில் படாது. எல்லாப் பழைய மென்பொருளும், எல்லா பிரிண்டர் டிரைவரும் (கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) அப்படியே ஓடும் என்பது இதன் பெரிய பலம். அசூஸ் ஜென்புக் எஸ்14 போன்றவை 1.2 கிலோவில் 72 வாட்-அவர் பேட்டரியோடு வருகின்றன. அடுத்த தலைமுறையான பேந்தர் லேக் 2026 தொடக்கத்தில் வந்துவிட்டதால், லூனார் லேக்கை முழு விலைக்கு விற்கப் பார்த்தால் பேரம் பேசத் தயங்க வேண்டாம்.

ஸ்னாப்டிராகன்

2024 ஜூன் 18-ல் கோபைலட்+ பிசி என்ற பெயரோடு வந்தவை. ஃபோன்களில் நாம் அறிந்த குவால்காமின் சிப். பேட்டரியில் பிரமாதம், எடையும் குறைவு. அசூஸ் ஜென்புக் ஏ14 ஒரு கிலோவுக்கும் கீழே. குரோம், ஆஃபீஸ், ஜூம் எல்லாம் இதற்கென்றே எழுதப்பட்டு நன்றாக ஓடுகின்றன. இன்டெலுக்காக எழுதிய மற்ற மென்பொருள்களை விண்டோஸ் பிரிசம் என்ற மொழிபெயர்ப்பான் (எமுலேட்டர்) மூலம் ஓட்டிவிடும், சற்று மெதுவாக.

சிக்கல் டிரைவரில் வருகிறது. சாதாரண மென்பொருளை எமுலேட் செய்யலாம், சிஸ்டத்தின் அடியில் ஓடும் டிரைவரை எமுலேட் செய்ய முடியாது. அது ஆர்ம் வகையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். பழைய ஸ்கேனர், அலுவலகப் பிணையத்தோடு இணைக்கும் விபிஎன், கைரேகைக் கருவி, ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் எல்லாம் இந்த வரிசையில் வரும். ஒவ்வொன்றுக்கும் ஆர்ம் டிரைவர் இருக்கிறதா என்று அந்தந்த நிறுவனத்தில் கேட்டு, 'ஆம்' என்று பதில் வந்த பிறகே இதை யோசிக்கலாம். ஏமாற்றுத் தடுப்பு டிரைவரை நம்பி இயங்கும் ஆன்லைன் விளையாட்டுகளும் பல இதில் மக்கர் செய்யும்.

வீட்டில் பிரவுசர், யூடியூப், வேர்டு, வகுப்பு என்று மட்டும் இருப்பவருக்கு இது நல்ல லேப்டாப். பிழைப்புக்கு ஏதாவது ஒரு மென்பொருளை நம்பி இருப்பவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வாங்கியபின் ஒரு டோக்கனுக்காக இன்னொரு லேப்டாப்பைத் தேடி ஓடுவதற்கு, முதலிலேயே முன்னூறு கிராம் கூடச் சுமந்துவிடலாம்.

கோபைலட்+ ஸ்டிக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. செயற்கை நுண்ணறிவு வேலைக்கென்று சிப்பில் வைக்கும் என்பியு என்ற பகுதி வினாடிக்கு 40 லட்சம் கோடிக் கணக்குகளுக்கு மேல் போட்டால்தான் அந்த ஸ்டிக்கர் கிடைக்கும். அந்த என்பியுவால் இன்று அன்றாட வேலையில் ஆகப்போவது கொஞ்சம்தான். ஆனால் அதே விதிப்படி 16 ஜிபி ராமும் 256 ஜிபி சேமிப்பும் கட்டாயம். 8 ஜிபி லேப்டாப்பைத் தெரியாமல் தலையில் கட்டிக்கொள்ளாமல் இருக்க அந்த ஸ்டிக்கர் உதவும்!

ஓரத்து மேசை

இப்போது அந்தச் சாதாரண 14 அங்குலம். 17, 18 மில்லிமீட்டர் தடிமன், 1.4 முதல் 1.6 கிலோ. ஏரோடு பார்த்தால் சுமார் நூற்று அறுபது முதல் முன்னூற்று அறுபது கிராம் வரை கூடுதல், அதாவது பையில் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில் அளவு. விலை கணிசமாகக் குறைவு. சில மாடல்களில் ராம் ஒரு பகுதி போர்டில் பற்றவைத்தும், இன்னொரு பகுதிக்கு ஸ்லாட் விட்டும் இருக்கும். சிலவற்றில் இரண்டுமே ஸ்லாட். எச்டிஎம்ஐ போர்ட் இருக்கும், சாதாரண பென்டிரைவ் போடும் துளையும் இருக்கும்.

பென்டிரைவைப் பற்றிச் சிரிக்க வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுக்க இன்னும் அதுதான் வழி. கல்லூரி புரொஜெக்டர்களில் எச்டிஎம்ஐ அல்லது அதற்கும் பழைய விஜிஏதான். மெல்லியவை பலவற்றில் யூஎஸ்பி-சி மட்டும் இருக்கும். பாடம் நடத்த லேப்டாப்பைக் கொண்டுபோகும் ஆசிரியர் அடாப்டரை மறந்த அன்றைக்கு எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்பதை யாரும் கேட்கப் போவதில்லை.

ராம் ஸ்லாட் ஏன் முக்கியம் என்றால், விலை. செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்காக மெமரி சிப்புகள் அந்தப் பக்கம் போக ஆரம்பித்ததில், 2025 இறுதியிலிருந்து ராம் விலை வேகமாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் டிசம்பரில் தன் 'குரூஷியல்' நுகர்வோர் விற்பனையையே மூடுவதாக அறிவித்தது. ஸ்லாட் இருந்தால் இப்போது 16-ல் தொடங்கி, விலை இறங்கும் நாளில் 32 ஆக்கலாம். ஸ்லாட் இல்லாததில் 32 வேண்டும் என்றால் அந்த ஏறிய விலையை இன்றே கொடுக்க வேண்டும். கம்பெனிகள் மெல்லியதில் ஸ்லாட்டைத் தவிர்ப்பது வெறும் பேராசை என்று சொல்லிவிடவும் முடியாது. பற்றவைத்த எல்பிடிடிஆர் வகை ராம் குறைந்த மின்சாரத்தில் வேகமாக ஓடும், ஸ்லாட்டின் உயரமும் மிச்சமாகும். ஆனால் அந்த ராமில் ஒரு சிப் கெட்டால் கை வைக்க வேண்டியது மதர்போர்டில் என்பதும் கணக்கில் உண்டு.

பேட்டரிக் கணக்கு

'18 மணி நேரம்' என்று எழுதியிருப்பதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். 53.8 வாட்-அவரை 18-ஆல் வகுத்தால் சராசரியாக 3 வாட். வெளிச்சத்தை அளவாக வைத்து வீடியோ மட்டும் ஓடவிட்டால் அது நடக்கும். நம் வீட்டில் நடப்பது வேறு. வெளிச்சம் முக்கால்வாசி, இருபது டேப், வாட்ஸாப் வெப், நடுவில் ஒரு கூகுள் மீட் என்றால் 6, 7 வாட் சாதாரணமாக ஓடும். அதே பேட்டரி எட்டு மணி நேரம் வரும். ஆகவே விளம்பர மணிக்கணக்கை விட்டுவிட்டு வாட்-அவரைப் பாருங்கள், அது ஏமாற்றாது. 50-க்குக் கீழே இருந்தால் யோசியுங்கள். 70-க்கு மேல் என்றால் பிற்பகல் மின்தடைக்கெல்லாம் கவலை இல்லை.

பேட்டரி தேய்வதை யாராலும் நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம். நாள் முழுக்க வயரிலேயே கிடக்கும் லேப்டாப்பில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியை முதல் நாளே போட்டுவிடுங்கள். அசூஸ், லெனோவா மென்பொருள்களில் அது இருக்கிறது. மெல்லியதில் பேட்டரியை மாற்றுவது சர்வீஸ் சென்டர் வேலை என்பதால் இது சில ஆயிரங்களை மிச்சப்படுத்தும்.

திரை, விசைப்பலகை

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓலெட் திரையை ஷோரூமில் பார்த்தால் மற்றது எல்லாம் வெளுத்துத் தெரியும். கறுப்பு அவ்வளவு கறுப்பு. ஆனால் வெள்ளைப் பின்னணியில் நாள் முழுக்கக் கணக்கும் கடிதமும் பார்ப்பவருக்கு அது மின்சாரத்தைக் கூடுதலாகக் குடிக்கும். பளபளப்பான கண்ணாடியில் தலைக்கு மேல் உள்ள டியூப்லைட் முகம் பார்க்கும், திரையின் வெளிச்சத்தைக் குறைத்தால் திரை துடிப்பதால் சிலருக்குக் கண் வலிக்கும். படம் பார்ப்பவர் ஓலெட் எடுக்கட்டும், எழுதுபவருக்கு மங்கல் பூச்சுள்ள ஐபிஎஸ் வகைத் திரை போதும்.

விசைப்பலகையைக் கடையிலேயே தட்டிப் பாருங்கள், ஒரு பத்தி முழுதாக. மெலிவுக்காக விசையின் ஆழத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிளே சாட்சி: 2015-ல் கொண்டுவந்த பட்டர்ஃபிளை விசைகள் தூசிக்கே முடங்கி, கடைசியில் 2022-ல் 5 கோடி டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்தார்கள். இப்போதைய ஏரில் அந்தப் பிரச்சினை இல்லை.

யாருக்கு எது

தினமும் ரயிலிலும் பஸ்ஸிலும் சுமப்பவர், விண்டோஸ் மென்பொருள் எதையும் நம்பி இல்லாதவர்: மேக்புக் ஏர், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அதே அலைச்சல், ஆனால் டேலியோ அலுவலக மென்பொருளோ உண்டு: வி-யில் முடியும் இன்டெல், முடிந்தால் 32 ஜிபி. வாரத்தில் இரண்டு நாள்தான் வெளியே கொண்டுபோவார், மீதி நாள் மேசையில்தான் என்றால் ஓரத்து மேசைச் சாதாரண 14 அங்குலம், மிச்சப் பணத்தில் நல்ல மானிட்டர் ஒன்று. வீடியோ எடிட்டிங்கும் விளையாட்டும் முக்கியம் என்பவர் மெல்லியதைத் தேடவே வேண்டாம். ஸ்னாப்டிராகன், தள்ளுபடி நல்லதாக இருந்து, பழைய கருவி எதுவும் இல்லாத வீட்டுக்கு.

பில் போடும் முன் இரண்டு கேள்வி: திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம், கீழே விழுந்தாலும் தண்ணீர் பட்டாலும் காக்கும் வாரண்டிக்கு எவ்வளவு. மெல்லியதில் காபி கொட்டினால் நேரே மதர்போர்டுக்குத்தான் போகும் என்பதால் அந்த வாரண்டியை நான் வீண் செலவாக நினைக்கவில்லை. அவகாசம் முடிவதற்குள் உங்கள் பிரிண்டர், உங்கள் டோக்கன், அலுவலக விபிஎன் எல்லாவற்றையும் மாட்டிப் பாருங்கள். ஏசியை அணைத்த அறையில் பிற்பகலில் ஒரு மணி நேர வீடியோ கால் ஒன்றைச் சார்ஜர் இல்லாமல் முழுதாகப் பேசிப் பாருங்கள். அதைத் தாண்டிவிட்டால் பெட்டியை மடித்துப் பரணில் போடலாம்.